பெட்ரோல் பங்கில் எழுதியிருக்கும் 91, 95, 100: அந்த எண்ணும் எஞ்சின் டைமிங்கும்

எங்கள் பக்கம் தாத்தாவை ஐயா என்போம். ஐயாவின் புல்லட் கானாடுகாத்தான் வீட்டுப் பின்கட்டில் பல வருஷம் சாக்கு மூடிக் கிடந்தது. அதைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்து ஓட வைத்தேன். கொஞ்ச நாளில் ஒரு ஆசை வந்தது. மதுரையிலிருந்து திரும்பும் வழியில் 95 ஆக்டேன் பெட்ரோல் போட்டேன். விலை கூடிய பெட்ரோல் ஆயிற்றே, வண்டி பறக்கும் என்று நினைத்தேன். பறக்கவில்லை. எப்போதும் போலத்தான் ஓடியது. சரி, டைமிங்கைக் கொஞ்சம் ஏற்றி வைத்தால் பறக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, பொறி விழும் நேரத்தை வைக்கும் டிஸ்ட்ரிபியூட்டரை நானே பிடித்துத் திருகினேன். அடுத்த கிக்கில் கிக்கர் திருப்பி அடித்தது. கணுக்கால் வீங்கி நாலு நாள் செருப்புப் போட முடியவில்லை.

பெட்ரோலின் ஆக்டேனுக்கும் எஞ்சின் டைமிங்குக்கும் என்ன உறவு என்று தெரியாமல் கை வைத்ததால் வந்த வினை அது. அந்த உறவைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். வண்டியைப் பிரித்துப் பார்த்தே இராதவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் அடியிலிருந்து தொடங்குகிறேன்.

பெட்ரோல் எஞ்சினில் சிலிண்டர் என்று ஒரு குழாய். அதற்குள் மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன். பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றும் பெட்ரோலும் கலந்து உள்ளே வரும். மேலே ஏறும்போது அந்தக் கலவை நசுங்கும். நசுங்கிய கலவையில் ஸ்பார்க் பிளக் ஒரு பொறியைப் போடும். கலவை எரிந்து விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும். அந்தத் தள்ளல்தான் சக்கரத்துக்குப் போகிறது. கடைசியில் பிஸ்டன் மறுபடி ஏறிப் புகையை வெளியே தள்ளும். ஃபோர் ஸ்ட்ரோக் என்பது இந்த நாலும்தான்.

டைமிங் என்றால், அந்தப் பொறி சரியாக எந்த நொடியில் விழ வேண்டும் என்ற கணக்கு.

பிஸ்டன் உச்சிக்கு வந்து நிற்கும் இடத்தை டி.டி.சி. (டாப் டெட் சென்டர்) என்பார்கள். பொறி அங்கேதான் விழ வேண்டும் என்று தோன்றும். மேலே வந்துவிட்டது, பற்ற வை, கீழே தள்ளு. நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படி இல்லை. பொறி விழுந்ததும் மொத்தக் கலவையும் ஒரே கணத்தில் எரிந்துவிடுவதில்லை. பிளக் முனையில் ஒரு சின்னத் தீ பிடித்து, அது பரவிப் பரவி மறு ஓரம் வரை போக வேண்டும். அதற்குத் தோராயமாக இரண்டு மில்லி நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கண் இமைக்கும் நேரத்தில் ஐம்பதில் ஒரு பங்கு கூட இல்லை. ஆனால் எஞ்சினுக்கு அது நீண்ட நேரம்.

எப்படி என்று பாருங்கள். எஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றினால் நொடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றுக்கு 20 மில்லி நொடி. ஒரு சுற்று 360 டிகிரி என்பதால், ஒரு மில்லி நொடிக்குள் கிராங்க் (பிஸ்டன் சுற்றவைக்கும் தண்டு) 18 டிகிரி திரும்பிவிடும். இரண்டு மில்லி நொடிக்கு 36 டிகிரி. டி.டி.சி.யில் பொறி போட்டால், கலவை முழுக்க எரிந்து முடிவதற்குள் பிஸ்டன் பாட்டுக்குக் கீழே போய்க்கொண்டிருக்கும். ஓடுகிற ஆளின் முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி, கையில் வேகம் இருக்கும், தள்ளு இருக்காது. அதனால் பிஸ்டன் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போதே பொறியைப் போட்டுவிட வேண்டும். டி.டி.சி.க்கு எத்தனை டிகிரி முன்னால் போடுகிறோமோ அதுதான் அட்வான்ஸ். நம் மெக்கானிக்குகள் மொழியில், முன்னால் தள்ளினால் டைமிங்கை ஏற்றுவது, பின்னால் தள்ளினால் இறக்குவது.

நோக்கம் என்னவென்றால், உள்ளே அழுத்தம் உச்சத்துக்குப் போவது டி.டி.சி. தாண்டி ஏறக்குறைய 15 டிகிரியில் நடக்க வேண்டும். பெரும்பாலான பெட்ரோல் எஞ்சின்களுக்கு அந்த இடம் இதையொட்டித்தான் வரும்.

எங்கள் ஊர்ப் பெரிய வீடுகளில் ஊஞ்சல் இருக்கும். பிள்ளையை உட்கார வைத்து ஆட்டியவர்களுக்கு இது கைப்பாடம். ஊஞ்சல் பின்னால் வந்து, நின்று, முன்னே போகத் தொடங்கும்போது தள்ள வேண்டும். லேசாகத் தொட்டால் போதும், கூரை வரை போகும். அது இன்னும் நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கும்போதே தள்ளினால் நம் மணிக்கட்டுதான் மடங்கும். அதிக அட்வான்ஸ் என்பது அதுதான், என் கணுக்காலுக்கு நடந்ததும் அதுதான். கிக் அடிக்கும்போது எஞ்சின் மெதுவாகச் சுற்றுகிறது. பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே கலவை எரிந்து, ஏறி வந்த பிஸ்டனைத் திருப்பிக் கீழே தள்ளியது. கிராங்க் பின்னால் சுற்றியது, கூடவே கிக்கரும்.

வேகம் கூடினால் அட்வான்ஸும் கூட வேண்டும் என்பது இதிலிருந்து தானாக வருகிறது. கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சோறு வேக ஆகும் நேரம் மாறாது. ஆள் மெதுவாக வந்தால், வரிசையில் பத்துப் பேர் இருக்கும்போது உலை வைத்தால் போதும். கூட்டம் அலைமோதினால் முப்பது பேர் பாக்கி இருக்கும்போதே வைத்தாக வேண்டும். எஞ்சினிலும் எரிகிற நேரம் பெரிதாக மாறாமல், சுற்று மட்டும் மூன்று மடங்கு ஆனால், டிகிரிக் கணக்கில் முன்கூட்டியே போட வேண்டியது ஏறுகிறது. (நிஜத்தில் வேகம் கூடும்போது உள்ளே கலவை நன்றாகச் சுழல்வதால் எரிவதும் ஓரளவு வேகமாகும். அதனால் சரியாக மூன்று மடங்கு தேவைப்படாது.)

பழைய புல்லட்டில் இந்த வேலையை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இரண்டு சின்ன எடைக்கட்டிகள் செய்கின்றன. வேகம் கூடினால் அவை ராட்டினம் போல வெளியே விரிந்து, பாயிண்டைத் (பொறிக்கான கரண்டை விட்டு அறுக்கும் சின்ன ஸ்விட்ச்) திறக்கும் கேம் என்ற சுழல் மேட்டைக் கொஞ்சம் முன்னே திருப்பும். ஸ்பிரிங் அவற்றை உள்ளே இழுத்துப் பிடிக்கும். ஸ்பிரிங் தளர்ந்துபோன வண்டியில் மெதுவாகப் போகும்போதே அட்வான்ஸ் ஏறிக் கிடக்கும். காரணம் தெரியாமல், காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்பரேட்டரைக் குடைந்துகொண்டிருப்பார்கள்.

இனி ஆக்டேனுக்கு வருவோம்.

பொறி சரியான நேரத்தில் விழுந்தும் ஒரு வம்பு வரலாம். பிளக் பக்கமிருந்து தீ பரவி வருகிறது. எரிந்த வாயு விரிந்து, இன்னும் எரியாத கலவையை மூலையில் வைத்து நசுக்குகிறது. நசுங்க நசுங்கச் சூடு ஏறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பக்கம் சுடுவது போல. மூலையில் கிடக்கும் கலவை, தீ தன்னிடம் வந்து சேருமுன்பே சூட்டில் தானாகப் பற்றிக்கொண்டால் அந்தப் பங்கு முழுக்க ஒரே வெடிப்பாகப் போகும். ஒழுங்காக நொடிக்குச் சில பத்து மீட்டர் வேகத்தில் நடந்து வந்த தீ எங்கே, இந்த வெடிப்பில் கிளம்பும் அழுத்த அலை எங்கே. அலை ஒலியின் வேகத்தில் சுவருக்குச் சுவர் மோதும். சிலிண்டரும் அதன் மேல்மூடியான ஹெட்டும் மணி அடித்தது போல அதிரும். இதுதான் நாக்கிங்.

காதுக்கு அது எப்படி இருக்கும் என்றால், தகர உண்டியலில் சில்லறையைப் போட்டுக் குலுக்கின மாதிரி. மேம்பாலம் ஏறும்போது, பின்னால் ஆளை வைத்துக்கொண்டு, கியரைக் குறைக்காமல் ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் கிலுகிலு என்று வரும். சமதளத்தில் போகும்போது வராது. செட்டிநாட்டில் மலை கிடையாது, குன்றக்குடியில் இருப்பதும் படியேறிக் கும்பிடும் குன்று. எங்களுக்கு மேம்பாலம்தான் மலை.

எப்போதாவது லேசாகக் கேட்டால் பயப்பட வேண்டாம். கியரை ஒன்று குறைத்தால் நின்றுவிடும். நாள்தோறும் விடாமல் கேட்டால்தான் ஆபத்து. உலோகத்தை ஒட்டி ஒரு மெல்லிய வாயுப் படலம் இருந்து சூட்டைத் தடுக்கிறது. நாக்கிங் அலைகள் அதைக் கிழித்துவிடும். அப்புறம் பிஸ்டனின் ஓரம் எலி கடித்த மாதிரி அரிபடும், ஹெட் கேஸ்கெட் போகும், ரிங் உடையும்.

ஆக்டேன் எண் என்பது, இப்படித் தானாகப் பற்றிக்கொள்ளாமல் பெட்ரோல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதற்கான மதிப்பெண். அவ்வளவுதான். அந்த எண் பெட்ரோலின் சக்தியைச் சொல்லவில்லை, சுத்தத்தைச் சொல்லவில்லை, மைலேஜைச் சொல்லவில்லை. பொறுமையைச் சொல்கிறது.

மதிப்பெண் போடும் முறை வேடிக்கையானது. ஐசோ ஆக்டேன் என்ற திரவம் லேசில் நாக் ஆகாது, அதற்கு 100. ஹெப்டேன் என்ற திரவம் தொட்டால் வெடிக்கும் ரகம், அதற்கு 0. நசுக்கும் அளவை ஓடும்போதே கூட்டிக் குறைக்க வசதியுள்ள ஒரு சோதனை எஞ்சினில் நம் பெட்ரோலை ஊற்றி ஓட்டுகிறார்கள். அது 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவையைப் போல நாக் ஆனால், அந்தப் பெட்ரோல் 91 ஆக்டேன். அதற்குள் உண்மையில் 91 பங்கு ஐசோ ஆக்டேன் இருக்க வேண்டும் என்பதில்லை. அதன் நடத்தை அப்படி, அதனால் அந்த மார்க். 1920களில் வந்த முறை இது, இன்றும் நடக்கிறது. 1921ல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி, பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்தால் நாக்கிங் அடங்கும் என்று கண்டார். அடங்கியது, ஆனால் உலகம் முழுக்கப் புகையில் ஈயம் பரவியது. இந்தியாவில் 2000 பிப்ரவரியில்தான் அது முழுதாக ஒழிந்தது.

அமெரிக்க வீடியோ பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பங்கில் 87 என்று போட்டிருப்பதைப் பார்த்து நம் பெட்ரோல் அதைவிட உசத்தி என்று மார் தட்ட வேண்டாம். இரண்டு சோதனை முறை உண்டு. ஒன்று மென்மையானது, இன்னொன்று எஞ்சினை வாட்டி எடுப்பது. நாம் முதலாவதன் எண்ணை மட்டும் சொல்கிறோம். அவர்கள் இரண்டின் சராசரியைச் சொல்கிறார்கள். அவர்கள் 87 ஏறக்குறைய நம் 91தான்.

நம் நாட்டில் 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 (பாரத் ஸ்டேஜ் 6 என்ற மாசுத் தரம்) பெட்ரோல் வந்தது. அதில் சாதாரண ரகத்துக்குக் குறைந்தது 91, உயர் ரகத்துக்குக் குறைந்தது 95 இருக்க வேண்டும் என்று அப்போது விதி. அதற்கும் மேலே 100 ஆக்டேன் ரகமும் சில ஊர்களில் கிடைக்கிறது, விலையைக் கேட்டால்தான் நமக்கு நாக்கிங் வரும்.

ஆக்டேன் கூடினால் பெட்ரோல் மெதுவாக எரியும், அதனால் அட்வான்ஸ் கூட்ட வேண்டும் என்று பல பட்டறைகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். காய்ந்த பனை ஓலை, பச்சை மட்டை என்று உவமை வேறு சொல்வார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நம்பினேன். அது சரியில்லை. பொறி போட்ட பிறகு தீ பரவும் வேகமும், பொறியே இல்லாமல் தானாகப் பற்றாமல் இருப்பதும் வேறு வேறு குணம். 91ம் 95ம் பொறி பட்டால் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில்தான் எரியும். 95 மூலையில் கிடந்து நசுங்கும்போது கூடுதலாகப் பொறுத்துக்கொள்ளும், அதுதான் வித்தியாசம்.

பிறகு ஏன் ஆக்டேனையும் டைமிங்கையும் சேர்த்தே பேசுகிறோம்?

டைமிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனால் இழுவை கூடிக்கொண்டே வரும். ஒரு இடத்தில் உச்சம். அதற்கு மேல் ஏற்றினால் இழுவை குறையும், ஏனென்றால் ஊஞ்சலை எதிரே தள்ளத் தொடங்கிவிடுகிறோம். இது முதல் எல்லை. இன்னொரு எல்லையும் உண்டு. டைமிங் ஏற ஏற, உள்ளே உச்ச அழுத்தமும் சூடும் ஏறும், மூலையில் கிடக்கும் கலவைக்கு நெருக்கடி கூடும், ஒரு கட்டத்தில் நாக்கிங் தொடங்கும். இது நாக்கிங் எல்லை. ஆக்டேன் கூடினால் இந்த இரண்டாவது எல்லை மட்டும் தள்ளிப் போகும். முதல் எல்லை அசையாது.

கேள்வி எல்லாம், உங்கள் எஞ்சினுக்கு இரண்டில் எது முன்னால் வருகிறது என்பதுதான்.

கலவையை எவ்வளவு நசுக்குகிறது என்பதைப் பொறுத்து அது மாறும். நசுக்கும் அளவைக் கம்ப்ரஷன் ரேஷியோ என்பார்கள். பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டில் அது ஏழு என்ற எண்ணை ஒட்டித்தான் இருக்கும். ஏழு பங்கு இடத்தை ஒரு பங்காகச் சுருக்குகிறது. அந்தக் காலத்து இந்தியப் பெட்ரோல் தரத்துக்கு அதுதான் தாங்கும். அந்த எஞ்சினில் 91 ஆக்டேனிலேயே இழுவையின் உச்சத்தைத் தொட்டுவிடலாம், நாக்கிங் எல்லை பெரும்பாலும் அதற்கு அப்பால்தான் இருக்கும். அதற்கு 95 ஊற்றினால் அப்பால் இருந்த எல்லை இன்னும் அப்பால் போகும். எனக்கு அதனால் என்ன? நான் மதுரைப் பெட்ரோலுக்குக் கொடுத்த கூடுதல் காசு இப்படிப் போனதுதான். டைமிங்கை ஏற்றிய பிறகும் ஒன்றும் கிடைக்கவில்லை, ஏற்கெனவே உச்சத்தில் இருந்ததை உச்சம் தாண்டிக் கொண்டுபோனேன்.

கம்ப்ரஷன் 11, 12 என்று இருக்கும் இப்போதைய ஸ்போர்ட்ஸ் பைக்கும், காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் டர்போ போட்ட காரும் வேறு கதை. அங்கே நாக்கிங் எல்லைதான் முதலில் வரும். இழுவை இன்னும் இருக்கிறது, எடுக்கத்தான் முடியவில்லை. 95 ஊற்றினால் எல்லை தள்ளிப் போகும், டைமிங்கும் கூடவே ஏறினால் அந்த இழுவை கைக்கு வரும். கவனியுங்கள், டைமிங்கும் ஏறினால்தான். பெட்ரோல் இடம் மட்டும் விடுகிறது, அந்த இடத்தில் போய் உட்கார வேண்டியது டைமிங். டைமிங் அசையாத வண்டியில் 100 ஆக்டேன் ஊற்றுவது, பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குப் பந்தல் போடுவது மாதிரி.

யார் அசைப்பது? புதிய கார்கள் பலவற்றில் எஞ்சின் உடம்பில் நாக் சென்சர் என்று ஒரு சின்ன வில்லை திருகியிருக்கும். அதிர்வைக் கேட்பதுதான் அதன் வேலை. நாக்கிங்கின் ஓசை கேட்டால் கம்ப்யூட்டர் உடனே டைமிங்கைச் சில டிகிரி இறக்கும், பிறகு மெல்ல மெல்ல ஏற்றிப் பார்க்கும், மறுபடி கேட்டால் மறுபடி இறக்கும். நாள் முழுக்க இந்தப் பேரம்தான். இப்படிப்பட்ட காரில் கம்பெனி 95 சொல்லியிருந்து நீங்கள் 91 ஊற்றினால் சத்தம் கேட்காது, சுரத்து மட்டும் குறையும். நாம் தினம் ஓட்டும் 100, 125 சி.சி. பைக்குகள் பெரும்பாலானவற்றில் அந்தச் சென்சர் கிடையாது. எந்த வேகத்தில் எத்தனை டிகிரி என்று சாதாரணப் பெட்ரோலுக்குக் கணக்குப் போட்டுப் பெட்டிக்குள் எழுதி மூடிவிட்டார்கள். அந்தப் பெட்டிக்கு நீங்கள் என்ன ஊற்றினீர்கள் என்று தெரியாது.

கையால் அசைக்க முடிகிற வண்டிகள் பழசுகள்தான். பாயிண்ட் வைத்த புல்லட், யெஸ்டி, பத்மினி, அம்பாசடர். பழைய அம்பாசடர்களில் வந்த லூகாஸ் வகை டிஸ்ட்ரிபியூட்டரில் பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு உருளை இருக்கும். ஒரு பக்கம் ஏ, மறு பக்கம் ஆர் என்று ஆங்கில எழுத்து. ஏ பக்கம் திருகினால் அட்வான்ஸ், ஆர் பக்கம் திருகினால் ரிடார்ட். ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரு டிகிரிக்கும் குறைவாகத்தான் நகரும். ஊருக்கு ஊர் பெட்ரோல் தரம் மாறிய காலத்தில், கிடைத்த பெட்ரோலுக்குத் தக்கபடி டிரைவரே கையால் சரிசெய்துகொள்ளட்டும் என்று வைத்தது. இன்று நாக் சென்சர் செய்வதை அன்று டிரைவரின் காதும் அந்த உருளையும் செய்தன. நம் ஆட்களில் பாதிப் பேர் அது எதற்கென்று தெரியாமலே வண்டியை விற்றிருப்பார்கள்.

என் கணுக்கால் வீக்கம் வடிந்த பிறகு, வண்டியைத் தள்ளிக்கொண்டு எங்கள் தெருமுனைப் பட்டறைக்குப் போனேன். பட்டறை அண்ணன் முழுவதையும் கேட்டுவிட்டு, "தம்பி, பெட்ரோலை மாத்துனா வண்டி மாறும்னு யார் சொன்னா?" என்றார். பிளக்கைக் கழற்றினார். சுவரில் செருகியிருந்த பழைய சைக்கிள் ஸ்போக் கம்பியை எடுத்துப் பிளக் ஓட்டைக்குள் விட்டார். கிக்கரைக் கையால் மெல்ல அழுத்த, கம்பி பிஸ்டன் மேல் உட்கார்ந்து எழும்பி வந்தது. எழும்பி நின்று, இறங்கத் தொடங்கும் இடம்தான் டி.டி.சி. ஆனால் ஃபோர் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் இரண்டு முறை உச்சிக்கு வரும், ஒன்று நசுக்கிக்கொண்டு, மற்றது புகையைத் தள்ளிக்கொண்டு. நமக்கு வேண்டியது முதலாவது. டாப்பெட் மூடியைத் திறந்து, வால்வுகளைத் திறக்கத் தள்ளும் இரண்டு ராடையும் விரலால் உருட்டிப் பார்த்தார். இரண்டும் லேசாகச் சுற்றின. அதாவது கலவை வரும் வழி, புகை போகும் வழி இரண்டின் வால்வும் மூடியிருக்கின்றன, நசுக்கும் பக்கம்தான்.

கம்பியில் நகத்தால் ஒரு அடையாளம் வைத்துக்கொண்டு, எஞ்சினைக் கொஞ்சம் பின்னால் சுற்றிப் பிஸ்டனைக் கீழே இறக்கி, மறுபடி மேலே கொண்டுவந்தார். புத்தகத்தில் சொல்லியிருக்கும் அளவு உச்சிக்குச் சற்று முன்னால், மில்லிமீட்டர் கணக்கு. அங்கே நிறுத்தினார். சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய தாளில் ஒரு கீற்றைக் கிழித்துப் பாயிண்ட் இரண்டுக்கும் நடுவே வைத்தார். பாயிண்ட் மூடியிருக்கும்போது தாள் இழுத்தால் வராது. டிஸ்ட்ரிபியூட்டரின் கிளாம்பைத் தளர்த்தி அதன் உடம்பை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார், இன்னொரு கை தாளை லேசாக இழுத்தபடி. சட்டென்று தாள் வழுக்கிக்கொண்டு வந்தது. பாயிண்ட் திறக்கும் அந்த நொடியில்தான் காயில் என்ற கம்பிச் சுருளுக்குப் போகும் கரண்ட் அறுந்து பிளக்கில் பொறி விழும். கிளாம்பை இறுக்கினார். அதற்கு முன்பே பாயிண்ட் இடைவெளியைப் பார்த்துவிட்டார். 0.35 முதல் 0.4 மில்லிமீட்டர். இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறிவிடும் என்பதால் அதை முதலில் பார்த்தாக வேண்டும்.

இதற்குத் தாளே வேண்டாம், ஹெட்லைட் மேல் இருக்கும், கரண்ட்டைக் காட்டும் ஆம்ப்மீட்டரே போதும் என்பார்கள். சாவி போட்டிருக்கும்போது பாயிண்ட் மூடியிருந்தால் முள் மைனஸ் பக்கம் சாயும், திறந்தால் நடுவுக்கு வரும். பழைய புல்லட்காரர்கள் கிக் அடிக்குமுன் முள்ளைப் பார்ப்பதும், பிஸ்டன் உச்சியை ஒட்டி வந்துவிட்டதா என்று அறியத்தான். கெட்ட பழக்கமாக நான் அதைப் பார்ப்பதே இல்லை.

டைமிங்கை ரொம்ப இறக்கிவிட்டால் என்ன ஆகும் என்றும் அன்று கேட்டேன். நாக்கிங் வராது, பாதுகாப்புத்தானே என்று எனக்கு எண்ணம். அதுவும் இல்லை. தாமதமாக எரிவதால் சூடு பிஸ்டனைத் தள்ளுவதில் செலவாகாமல் எக்ஸாஸ்ட் வழியே போகும். சைலன்ஸர் வளைவு நீலம் பாரிக்கும், எக்ஸாஸ்ட் வால்வு வாடும், பெட்ரோல் குடிக்கும், இழுவை இருக்காது. ஒரு காலத்தில் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டிய ஆட்டோக்கள் இப்படித்தான் தடவித் தடவிப் போகும். மண்ணெண்ணெயின் ஆக்டேன் மிகக் குறைவு, நாக்கிங்கை அடக்க டைமிங்கை இறக்கி வைத்திருப்பார்கள்.

இப்போது அநேகமாக எல்லா பங்கிலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலின் ஆக்டேன் 108ஐ ஒட்டியது. ஆவியாகும்போது சூட்டை நன்றாக இழுத்துக்கொண்டு கலவையைக் குளிர்விக்கும். ஆக, நாக்கிங்கைப் பொறுத்தவரை பழைய சாதாரணப் பெட்ரோலைவிட இது தேவலை. அப்படியென்றால் சந்தோஷப்பட வேண்டியதுதானே என்றால், மறுபக்கம் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். கலவையில் லிட்டருக்கு ஆறேழு சதவீதம் சக்தி குறைகிறது. ஏறிய ஆக்டேனைப் பயன்படுத்த அதிகக் கம்ப்ரஷனோ கூடுதல் அட்வான்ஸோ வைத்த எஞ்சின் என்றால் குறைந்ததில் ஒரு பங்கைத் திருப்பி எடுக்கலாம். ஏழுக்கு ஒன்று நசுக்கும் ஐயாவின் புல்லட்டுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதோடு எத்தனாலுக்குக் காற்று குறைவாகப் போதும் என்பதால், கார்பரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட் பழையதாகவே இருந்தால் கலவை மெலிந்துவிடும். மெலிந்த கலவை மெதுவாக எரியும், சூடும் காட்டும். அதற்கு மருந்து ஜெட்டில் இருக்கிறது, டைமிங்கில் இல்லை.

நாக்கிங் கேட்டால் உடனே டைமிங்கில் கை வைக்கவும் வேண்டாம். சித்திரை வெயிலில் உள்ளே போகும் காற்றே சுடுகிறது, நாக்கிங் எல்லை தானாகவே கிட்டே வந்துவிடும். ஹெட்டில் கார்பன் படிந்திருந்தால் இடம் சுருங்கி நசுக்கல் கூடும், கார்பன் கட்டியே தணல் போலக் கனன்று பொறிக்கு முன்பே பற்ற வைக்கவும் செய்யும். கொடைக்கானல் போகும்போது மேலே ஏற ஏற அந்தச் சத்தம் அடங்கியதைக் கவனித்திருக்கிறேன். காற்று மெலிந்ததால் உள்ளே அழுத்தம் குறைந்தது, வேறு மாயம் இல்லை. ஹெட்டைக் கழற்றிக் கார்பனைச் சுரண்டி, சரியான பிளக் போட்டு, அதன் பிறகும் கேட்டால் டைமிங்கை ஒன்றிரண்டு டிகிரி இறக்கிப் பார்க்கலாம். மொத்தமாக மூன்று டிகிரிக்கு மேல் நகர்த்த வேண்டி வந்தால் வேறெங்கோ கோளாறு என்பது என் கணக்கு.

அண்ணன் அன்று வண்டியை முடித்ததும் என்னைப் பின்னால் உட்காரச் சொன்னார். மேம்பாலம் தொடங்கும் இடத்தில் மூன்றாம் கியரில் போட்டு நிதானமாக ஏறிப் பாதியில் முறுக்கினார். லேசாகக் கிலுகிலு என்றது. பாலத்து உச்சியில் ஓரங்கட்டி, கிளாம்பைத் தளர்த்தி, டைமிங்கை இறக்கும் பக்கம் கண்ணுக்குத் தெரியாத அளவு திருப்பி, இறுக்கினார். இறங்கித் திரும்பி மறுபடி அதே கியரில் ஏறினோம். ஒன்றும் கேட்கவில்லை, எஞ்சின் தம் பிடித்து இழுத்தது. பட்டறைக்கு வந்ததும் ஸ்போக் கம்பியைத் துடைத்துச் சுவரில் இருந்த அதே ஓட்டையில் செருகினார். டேங்கில் இன்னும் அந்த மதுரைப் பெட்ரோல்தான் இருந்தது.